யாரு காடு?

காலநிலை ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் கம்ப்யூட்டர் மாடலில் போட்ட ஒரு வண்ணப்படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். ஆறாயிரம் வருஷத்துக்கு முந்தைய தென் தமிழ்நாடு. பச்சையில் நாலு விதம், மஞ்சளில் மூன்று விதம், ஓரத்தில் அழகாக ஓர் அளவுகோல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஆரம்பத்துல மாடலுக்குக் குடுத்த தாவர வரைபடம் எங்க இருந்து வந்துச்சு?"

"அது ஃபோல்டர்லயே இருந்துச்சு மேடம்."

ஃபோல்டரிலேயே இருந்ததாம். மழை வானத்திலேயே இருந்தது, மண் தரையிலேயே இருந்தது என்பது மாதிரி. ஓய்வு பெற்று, காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தை மூன்று சுற்று நடந்துவிட்டு, நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறவளை இப்படி ஒரு பதில் சொல்லி ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட வைக்கிறீர்கள். அந்தப் பிள்ளை பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அவரை மட்டும் பார்த்துச் சிரிப்பீர்கள். உங்களில் முக்கால்வாசிப் பேர் அதே பதிலைத்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இந்தக் கடுப்பு.

உங்களுக்கு இப்போது எல்லாம் ஒரே பொட்டலமாக வந்துவிடுகிறது. காலநிலை மாடலும் தாவர மாடலும் உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கின்றன. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் எங்களிடம் இரண்டும் தனித்தனி. காலநிலை மாடல் இவ்வளவு மழை, இவ்வளவு வெயில் என்று சொல்லும். அதைக் கொண்டுபோய்த் தாவர மாடலிடம் கொடுத்தால், அப்படியானால் இங்கே புல்தான் வரும், அங்கே மரம் நிற்கும் என்று அது சொல்லும். அந்தப் பதிலைத் திரும்பக் காலநிலை மாடலிடம் கொண்டுபோக வேண்டும். மரம் நின்றால் அது வேரிலிருந்து தண்ணீரை இழுத்துக் காற்றில் விடும், மழை மாறும். மழை மாறினால் எங்கே என்ன முளைக்கும் என்பதும் மாறும். இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் போய்ப் போய் வர வேண்டும். அந்த நடை முழுவதும் நடந்தவள் நான். சம்பந்தம் பேசுகிற இரண்டு வீட்டுக்கு நடுவே அலைகிற தரகர் வேலை.

மதுரையில் ஒரு கல்லூரியின் மாடியில் எங்கள் ஆய்வுப் பிரிவு இருந்தது. மொத்தமே மூன்று பேர். தலைவர் ஒருவர், கெட்டிக்காரர். காற்றழுத்தக் கோடுகளைப் பார்த்தே மழை எந்தப் பக்கம் ஏமாற்றும் என்று சொல்லிவிடுவார். அவரிடம் கற்றதை வைத்துத்தான் கடைசிவரை நான் சம்பளம் வாங்கினேன். ஆனால் ஒரு முடிவு கைக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்காது. இரண்டாவது ஆள் நான், கம்ப்யூட்டர் வேலை. மூன்றாவது பெருமாள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

பெருமாளுக்கு ஊர் அவனியாபுரத்துக்குத் தெற்கே, கரிசல் பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போய் அவரைப் படிக்க வைத்தவர்கள். அந்த ஊரிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அதைப் பற்றி அவராக ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. நான் கேட்காமல் விட்ட விஷயங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் இந்தக் கட்டுரையில் இடம் பத்தாது.

உலக வரைபடங்களில் எங்கள் மதுரைச் சமவெளி முழுவதும் ஒரே நிறமாக இருந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இப்போது எங்கே என்ன நிற்கிறது என்று நாங்களே ஒரு வரைபடம் போடுவதென்று முடிவானது. பெருமாள் பரவைப் பக்கம் தொடங்கி மேற்கே மலையடிவாரம் வரை, தெற்கே கரிசல் வரை சைக்கிளிலும் பஸ்ஸிலும் காலாலும் சுற்றினார். குறித்த புள்ளிக்குப் போய் நின்று, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதுவார். வயல், தோப்பு, தரிசு, முள், காடு, கண்மாய். அந்தத் தாள்கள் கட்டுக் கட்டாக என் மேஜைக்கு வரும். நான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் போட்டு மாடலுக்குக் கொடுப்பேன். காடு என்றால் நாலு. நாலு என்றால் இலையுதிர் காடு.

இந்த ஏற்பாடு தலைவருடையது. "நடக்குறவரு நடக்கட்டும், தட்டுறவங்க தட்டட்டும். ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா வேல நடக்காது" என்பார். வேலை வேகமாகத்தான் நடந்தது. பெருமாள் நான் தட்டியதைப் பார்க்கவில்லை. நான் பெருமாள் நடந்ததைப் பார்க்கவில்லை.

தாள்களில் அம்புட்டுக் காடு இருந்தது எனக்கு உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். அதைத்தான் எழுதியிருக்கிறார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முள் என்று தனியாக எழுதியிருக்கிறாரே, அப்புறம் இது என்ன என்று யோசிக்கவில்லை. நான் நகரத்துக்காரி. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். தமிழ் எனக்குத் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் வந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் காடு என்றால் மரம் இருக்கும், புலி இருக்கும். தமிழில் நான் எப்போதும் முதல் மதிப்பெண். அந்தத் திமிர் வேறு.

பழைய காலத்துக்குப் போவதற்கு முன் மாடல் இன்றைய காலத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இது உங்களுக்கும் தெரியும், செய்யாமல் விடுவதும் தெரியும். நாங்கள் செய்தோம். மதுரையில் பெய்கிற மழையை விட மாடலில் தாராளமாகப் பெய்தது. காட்டை வைத்துவிட்டால் அது தண்ணீரை இழுத்துக் காற்றில் விடத்தானே செய்யும்? மாடல் கத்திச் சொன்னது, நீ கொடுத்த வரைபடத்தில் கோளாறு என்று. நாங்கள் என்ன செய்தோம்? அதன் வாயைப் பொத்தினோம்.

"மண்ணோட ஈரப்பிடிப்பு எண்ணக் கொஞ்சம் கொறைங்க" என்றார் தலைவர். குறைத்தேன். மழை குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். வானிலை நிலையத்துக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைக்கு எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆறாயிரம் வருஷம் பின்னால் போனோம். அந்தக் காலத்தில் கோடை வெயில் கொஞ்சம் கூடுதல், அதனால் பருவமழைக்குப் பலம் அதிகம். இரண்டு மாடலுக்கும் நடுவே நடையாக நடந்தேன். கரண்ட் போகும், வரும், மறுபடி தொடங்குவேன். கடைசியில் வந்த முடிவைப் பார்த்துத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மதுரைச் சமவெளி முழுக்க அடர்ந்த காடு. எத்தனை சுற்று ஓடவிட்டாலும் குறையவே இல்லை. காடே தனக்கு வேண்டிய மழையைத் தானே வரவழைத்துக்கொண்டு நிலைத்து நின்றது. ஒரு முறை காடு இருந்துவிட்டால் போதும், அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் என்பது பெருமாள் ஆய்வேட்டின் மைய முடிவாகிவிட்டது. தலைவர் சென்னையில் ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கி வந்தார்.

நாங்கள் காட்டை வைத்துத் தொடங்கினோம், காடு கிடைத்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கார்த்திகை மாதம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. பெருமாளின் உதவித்தொகை முடிகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரே வாரம். அதற்கடுத்த வாரம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். நிரந்தர வேலை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பாடத்தில் அந்த வேலை திரும்ப எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகத் தயாராக இருந்தது. ஒரு படிவத்தில் மட்டும் பெருமாளின் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. ஆளோ இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் போன் இருந்தது. கூப்பிட்டேன்.

"பெருமாளா? காலைலயே காட்டுக்குப் போயிட்டாப்ல டீச்சர்" என்றார் கடைக்காரர். கல்லூரியிலிருந்து பேசினால் அவருக்கு எல்லாரும் டீச்சர்தான்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஆய்வேடு கொடுக்கிற வாரத்தில் காட்டில் என்ன வேலை? படிவத்தை எடுத்துக்கொண்டு அவனியாபுரத்துக்குப் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகும்போது, இந்தப் பக்கம் காடே இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே பையிலிருந்த என் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊரைச் சுற்றி நாலாம் எண். சரி, காடு இருக்கும் என்று மடித்து வைத்துவிட்டேன். இதை நன்றாகக் கவனியுங்கள். நான் போட்ட தப்புக்கு நான் போட்ட தப்பையே சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

கடை வாசலில் இறங்கி, "காட்டுக்குள்ள வழி தெரியாம போயிருவேனோன்னு பயமா இருக்கு. தொணைக்கு யாராச்சும் வருவாங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காட்டுக்குப் போறதுக்குத் தொண எதுக்கு டீச்சர்? இந்தா புளியமரம் தெரியுதுல்ல, அதத் தாண்டி ரெண்டாவது காடு."

ரெண்டாவது காடு. யாராவது காட்டை எண்ணுவார்களா? முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, அடிக்கு அடி கனம் கூடிக்கொண்டே போனது. புளியமரத்தைத் தாண்டினேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரை தட்டையாகக் கிடந்தது நிலம். ஒரு பக்கம் பருத்தி, ஒரு பக்கம் கம்பு. பருத்திக்கு நடுவே பெருமாள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் இம்புட்டுத் தூரம்? சொல்லிவிட்டா நானே வந்திருப்பேன்ல."

"பெருமாள், காடு எங்க?"

"எந்தக் காடு?"

"காட்டுல இருக்கீங்கன்னு சொன்னாங்களே."

"காட்டுலதான இருக்கேன்." அவர் காலடி மண்ணைக் காட்டினார். "நீங்க நிக்கிறதும் காடுதான்."

நான் வரைபடத்தை எடுத்து நீட்டினேன். "நீங்க தாள்ல எழுதுன காடு அம்புட்டும் இதுதானா?"

"பின்ன? கண்மாய்த் தண்ணி பாயுறது வயல். கெணறு இருந்தா தோட்டம். மழைய நம்பிப் போடுறது காடு. இதுல என்ன மேடம் சந்தேகம்?"

"அப்ப மரம் நிக்கிற காட்டுக்கு என்ன சொல்லுவீங்க?"

"அது பாரஸ்ட்டு" என்றார். "அங்க போயி வெறகு ஒடிச்சா பாரஸ்ட்டுக்காரன் புடிப்பான்ல. அதப் போயி காடுன்னு யாரு சொல்லுவா?"

மேற்கே மலையடிவாரத்துத் தாள்களில் பாரஸ்ட்டு என்று எழுதியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறார் என்று நினைத்து, அதற்கும் நாலு போட்டேன். இதை உங்களிடம் சொல்லும்போது இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

விஷயம் புரிந்ததும் பெருமாளின் முகம் மாறிவிட்டது. களைக்கொத்தைக் கீழே போட்டார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மேடம்? அடுத்த ரூம்புலதான இருந்தேன்?"

"நீங்க ஒழுங்காத் தமிழ்ல எழுதியிருக்கலாம்ல?"

"இது தமிழ் இல்லாம என்ன மேடம்?"

தமிழில் முதல் மதிப்பெண் வாங்கினவளைப் பார்த்துக் கேட்கிறார்.

அப்புறம் நான் சொன்னதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமே கிடையாது. நான் சொன்னேன்: "பெருமாள், இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்." படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவர் வேலை போய்விடுமே என்ற பயம் எனக்கு இருந்தது, அது நிஜம். எண் போட்டது நான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம் அதை விடப் பெரிதாக இருந்தது, அதுவும் நிஜம். வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. வரைபடத்தை வாங்கி, தன் ஊர் இருக்கிற கட்டத்தை விரலால் தேடினார்.

"இந்த ஒண்ணர ஏக்கரு எங்கப்பா வாங்குனது மேடம். நான் காலேஜுல சேந்த வருசம். அதுக்கு முந்தி எங்க வீட்ல காடுன்னா அது ஊராரு காடு. யாரு காட்டுக்கு இன்னைக்கு வேலைக்குப் போற, அப்படின்னுதான் கேப்பாக. எங்க காடுன்னு சொல்ல ஆரம்பிச்சே பத்து வருசம் ஆகல." விரல் அந்தக் கட்டத்திலேயே நின்றது. "இதுல எங்க காட்டக் காணோமே."

நீட்டியிருந்த பேனாவைக் கீழே இறக்கினேன்.

"காடுன்னு யாராச்சும் சொன்னா, யாரு காடுன்னு ஒரு வார்த்த கேக்கணும் மேடம். ஆளு பேரு சொன்னா அது வெள்ளாமக் காடு. பேரு சொல்ல ஆளு இல்லன்னா நீங்க நெனைக்கிற காடு. அம்புட்டுத்தான்."

பிறகு அவர் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து களை எடுக்கத் தொடங்கினார். அந்த வரிசை முடிகிற வரை நிமிரவே இல்லை. நான் வரப்பில் நின்றேன். கையெழுத்துப் போட்டால் அவருக்கு வேலை. போடாவிட்டால் உதவித்தொகையும் இல்லை, வேலையும் இல்லை, இன்னொரு வருஷம் இந்தப் பருத்திதான். கூலி வீட்டிலிருந்து படிக்க வந்தவருக்கு அது என்ன கணக்கு என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. வரிசை முடிந்து வந்து, "நாளைக்கு சார்கிட்டச் சொல்லிருவோம் மேடம். நானும் வாரேன்" என்றார். படிவத்தை என் பையில் அவரே திரும்ப வைத்தார்.

மறுநாள் தலைவர் முழுவதையும் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினார். "ஒரு வார்த்தைக்காகவா? ஒரே ஒரு வார்த்தைக்காக மூணு வருச வேலையத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?" இப்போது சமர்ப்பித்துவிடலாம், பிறகு கட்டுரை எழுதும்போது திருத்திக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பெருமாளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டுமென்று எங்களை விட அவர்தான் அதிகம் அலைந்தவர். அந்தக் கல்லூரிக்கு இரண்டு முறை போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார்.

"இல்ல சார்" என்றார் பெருமாள். "இந்த வேல கெடச்சா நான் பிள்ளைகளுக்கு இதத்தான சார் நடத்தணும்?"

தலைவர் கால நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தூக்கி எறிந்தார். இரண்டு மாதம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார். அந்த விரிவுரையாளர் வேலைக்கு வேறு ஒருவர் போனார். பெருமாள் நேர்முகத்தன்று அந்தக் கல்லூரி வாசல் வழியாகத்தான் பஸ்ஸில் எங்கள் அறைக்கு வந்தார். வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, "எங்க விட்டோம் மேடம்?" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இந்த முறை இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு தாளாக வாசிப்பார், நான் கேள்வி கேட்பேன், பிறகுதான் எண். காடு மட்டும் என்று நினைத்தீர்களா? கண்மாய் என்று எழுதின இடமெல்லாம் நான் வருஷம் முழுக்கத் தண்ணீர் என்று போட்டிருந்தேன். "பாதி நாளு ஆடு மேயும் மேடம், சில வருசம் உள்ளேயே வெள்ளாம வச்சிருப்பாக" என்றார். நான் பேனாவை மூடிவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன்.

திருத்தின வரைபடத்தைக் கொடுத்து, திருகின எண்ணையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இன்றைய காலத்தை ஓடவிட்டோம். மழை கிட்டத்தட்டச் சரியாக வந்தது. எந்தத் திருகலும் இல்லாமல். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கரண்ட் ஆபீசைத் திட்டினேன். ஆறாயிரம் வருஷம் பின்னால் போனால், சமவெளியில் புல்லும் அங்கங்கே மரமும். அடர்ந்த காடு மலையடிவாரத்தோடு நின்றுகொண்டது. சாதாரணமான முடிவு. யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. தலைவர் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார், தான் சொன்னது தவறு என்று. அதை என்னிடம் கொடுத்துத்தான் தட்டச் சொன்னார். அதுதான் அவர் எங்களோடு மறுபடி பேசத் தொடங்கின நாள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மாடல் ஒத்துப்போகவில்லை என்றால் எண்ணைத் திருகாதீர்கள், எழுந்து போய்க் கேளுங்கள். ஒத்துப்போனால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஃபோல்டரில் இருக்கிற வரைபடத்தை யாரோ ஒருவர் வெயிலில் நின்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதற்கு எண் போட்டிருக்கிறார். இருவரும் ஒரே சொல்லுக்கு ஒரே அர்த்தம் வைத்திருந்தார்களா என்று பார்க்காமல் ஆறாயிரம் வருஷம் பின்னால் போகாதீர்கள். அடுத்த தெருவுக்கே வழி தெரியாதவர்களுக்கு அவ்வளவு தூரம் எதற்கு?

பெருமாள் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வேட்டை முடித்தார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். பொதுவில் நடக்கிற தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம். எங்கள் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். கடைசி பெஞ்சில் பெருமாளின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், யாரையும் இடித்துவிடக் கூடாது என்பது போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் நல்ல கேள்விகளாகத்தான் கேட்டார். பெருமாள் நன்றாகத்தான் பதில் சொன்னார். முடிக்கப் போகிற நேரத்தில் தேர்வாளர் ஆய்வேட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். யாருக்கு அர்ப்பணம் என்று எழுதுகிற பக்கம்.

"எங்கள் காட்டுக்கு, அப்படின்னு போட்டிருக்கீங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "நானூறு பக்கம் எழுதி இந்தச் சமவெளியில காடே கிடையாதுன்னு நிரூபிச்சிருக்கீங்க. அப்புறம் இது எந்தக் காடு?"

நான் தலையில் கை வைத்துவிட்டேன். இன்னொரு ஆள்! பெருமாள் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைவர் பேசினார். ஒரே ஒரு வார்த்தைக்காகவா என்று மேஜையைத் தட்டியவர்.

"எந்தக் காடுன்னு கேக்கக் கூடாது சார். யாரு காடுன்னு கேக்கணும்."

தேர்வாளர் சிரித்தார், விளையாட்டென்று நினைத்திருப்பார். "சரி. யாரு காடு?"

அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளில் பெரும்பகுதி வேறு யாருடைய பேரையோ பதிலாகச் சொன்ன மனிதர், கடைசி பெஞ்சில் எழுந்து நின்றார். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"எங்க காடுதான் சார்" என்றார்.